உங்க ஸ்கிரிப்ட் எந்த என்ட்ரியை விட்டுச்சு? பைதான் லாகிங், ஒரு சிஏ பார்வையில்

ஐடிஆர் சீசன்ல என்கிட்ட ரிட்டர்ன் போட வர்ற சம்பளக்காரங்ககிட்ட, குறிப்பா ஐடி கம்பெனிகள்ல வேலை பார்க்குறவங்ககிட்ட, ஒரு புதுப் பழக்கத்தைப் பார்க்குறேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டை அனுப்புறதுக்குப் பதிலா, "சார், வருஷத்துக்கு வட்டி மொத்தம் இவ்ளோ. பைதான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி நானே கூட்டிட்டேன்"னு ஒரு எண்ணை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க. சந்தோஷமான விஷயம்தான். நாலு பேங்க், நானூறு என்ட்ரின்னு கையால தேடுறதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனா நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். "இந்த மொத்தத்துல எத்தனை என்ட்ரி இருக்கு, எத்தனை என்ட்ரியை ஸ்கிரிப்ட் விட்டுச்சு?"

பெரும்பாலும் பதில் வராது. "எரர் எதுவும் வரல சார், ஓடி முடிஞ்சுது"ன்னு சொல்லுவாங்க. எரர் வராம ஓடி முடியுறதும், சரியா கூட்டுறதும் வேற வேற விஷயம். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியைக் காட்டுறதுதான் லாகிங். நான் டெவலப்பர் இல்ல. ஆனா ஒரு எண் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்குறதே எங்க தொழில் என்பதால, இதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. பைதான் கோடை இங்க அப்படியே போடல. என்ன செய்யணும், ஏன் செய்யணும் என்பதைத்தான் எழுதுறேன். டைப் பண்ண வேண்டிய கோட் ஃபைலும், கீழே சொல்லப்போற சாம்பிள் ஸ்டேட்மென்ட்டும் வீடியோ டிஸ்க்ரிப்ஷன்ல இருக்கு. இன்னொண்ணு, 'வரி'ன்னு சொன்னா இந்தக் கட்டுரையில டாக்ஸ் மட்டும்தான். ஸ்டேட்மென்ட்ல இருக்குறதை 'வரிசை'ன்னு சொல்றேன், இல்லன்னா குழம்பிடும்.

சாம்பிள் ஸ்டேட்மென்ட்

2024-25 நிதியாண்டு. ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட். அதே பேங்க்ல ₹5,00,000 எஃப்டி, 7% வட்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு வந்துடும். அதாவது ஒவ்வொரு தடவையும் ₹8,750, நாலு தடவை, மொத்தம் ₹35,000. சேவிங்ஸ் வட்டி நாலு தடவை வந்திருக்கு: ₹612, ₹745, ₹1,083, ₹890. மொத்தம் ₹3,330. ஆக ரிட்டர்ன்ல காட்ட வேண்டிய வட்டி ₹38,330.

எஃப்டி வட்டிக்கு அந்த வருஷம் ₹40,000 வரைக்கும் டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க. இப்ப 2025 ஏப்ரல் 1-லிருந்து அந்த வரம்பு ₹50,000 ஆயிடுச்சு. டிடிஎஸ் பிடிக்கலன்னா வரி இல்லன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி இல்ல. பேங்க் பிடிக்கலன்னா நீங்க கணக்குல காட்டிக் கட்டணும், அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் என்ன செய்யுது? சிஎஸ்வி ஃபைலைத் திறக்குது. ஒவ்வொரு வரிசையிலயும் கிரெடிட் காலத்தை எடுத்து எண்ணா மாத்துது. விவரக் காலத்துல வட்டிக்கான வார்த்தை இருந்தா மொத்தத்தோட கூட்டுது. கடைசியில மொத்தத்தைப் பிரின்ட் பண்ணுது. இருபது லைன்கூட வராது.

முதல் தடவை ஓட்டும்போது அது கண்டிப்பா நின்னுடும். ஏன்னா பேங்க் தர்ற சிஎஸ்வி சுத்தமா இருக்காது. மேல பேரு, அட்ரஸ், கிளை விவரம், கீழ டிஸ்க்ளெய்மர், நடுவுல டெபிட் வரிசைகள்ல கிரெடிட் காலம் காலி. காலியா இருக்குறதை எண்ணா மாத்தச் சொன்னா பைதான் 'வேல்யூ எரர்'னு சொல்லி நிறுத்திடும். உடனே நெட்ல தேடுவோம், இல்லன்னா ஏஐ-கிட்ட கேட்போம். கிடைக்கிற வைத்தியம்: அந்த இடத்தை டிரை, எக்ஸெப்ட்ங்கிற ரெண்டு வார்த்தைக்குள்ள வெச்சு, எரர் வந்தா 'பாஸ்'னு எழுதிடு. அதாவது, பிரச்சினை வந்தா கண்டுக்காம அடுத்த வரிசைக்குப் போ.

ஸ்கிரிப்ட் இப்ப அழகா ஓடுது. மொத்த வட்டி ₹2,247ன்னு காட்டுது.

₹38,330 எங்க, ₹2,247 எங்க! காரணம் ஒரு கமா. பேங்க் '612.00'னு எழுதியதை பைதான் எண்ணா எடுத்துக்கும். '1,083.00'னு எழுதியதை எடுத்துக்காது, கமா இருந்தா அதுக்கு அது வெறும் எழுத்து. அதனால ஆயிரத்துக்குக் கீழ இருக்குற எல்லாம் உள்ளே வந்துச்சு, ஆயிரத்துக்கு மேல இருக்குற ஒவ்வொண்ணும் வெளியே போச்சு. ₹612, ₹745, ₹890 மட்டும் கூட்டினா ₹2,247. எஃப்டி வட்டி நாலும், ₹1,083-ம் சத்தமே இல்லாம காணாமப் போச்சு. இந்தத் தப்போட குணத்தைக் கவனிங்க: சின்னத் தொகையை விடல, பெரிய தொகையை மட்டும் பொறுக்கி விட்டிருக்கு.

விட்டுப்போனது ₹36,083. இவர் 20% ஸ்லாபில் இருக்கார், புதிய வரிமுறையில ரிட்டர்ன் போடுறார்னு வெச்சுக்குவோம். செஸ் சேர்த்து 20.8% போட்டா சுமார் ₹7,505 வரி குறைவாக் கட்டியிருப்பார். வருமான வரித் துறையோட ஏஐஎஸ்-ல பேங்க் கொடுத்த வட்டி விவரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரிட்டர்ன்ல ஒண்ணு, அங்க ஒண்ணுன்னா மெசேஜ் வரும். வரியோட அதுக்கு மேல வட்டியும் கட்டணும். எல்லாத்தையும்விட, "நான் மறைக்கல, ஸ்கிரிப்ட் விட்டுடுச்சு"ன்னு விளக்கம் சொல்ற நிலைமை சங்கடமானது.

பிரின்ட் போதாதா?

"நான் நடுநடுவுல பிரின்ட் போட்டுப் பார்த்துக்குவேன்"னு சொல்றவங்க இருக்காங்க. தப்பில்ல, எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா பிரின்ட் பண்ணது ஸ்கிரீன்ல வந்துட்டு விண்டோவை மூடினதும் போயிடும். எப்ப ஓட்டினது, எந்த ஃபைல்ல ஓட்டினதுன்னு அதுல இருக்காது. வேலை முடிஞ்சதும் பிரின்ட் லைன்களை ஒவ்வொண்ணா அழிப்போம். அடுத்த வருஷம் ஜூலையில மறுபடி பிரச்சினை வந்தா மறுபடி எழுதுவோம்.

பைதான்ல இதுக்குன்னே 'லாகிங்'னு ஒரு மாட்யூல் கூடவே வருது. 2003-ல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே இருக்கு, தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். மேல இம்போர்ட் பண்ணிட்டு, 'பேசிக்கான்ஃபிக்'ங்கிற ஒரே ஒரு அமைப்பு லைன் எழுதினாப் போதும். அதுல நாலு விஷயம் சொல்றோம்: லாக் எந்த ஃபைலுக்குப் போகணும், எந்த அளவு முக்கியமானதுலிருந்து எழுதணும், ஒவ்வொரு லைனும் எந்த வடிவத்துல இருக்கணும், எந்த என்கோடிங். வடிவத்துல நேரம், நிலை, செய்தி மூணும் வெச்சா நம்ம தேவைக்குப் போதும்.

என்கோடிங்கை 'யூடிஎஃப்-8'னு கண்டிப்பா கொடுங்க. விண்டோஸ்ல அது இல்லாம விட்டா, லாக்ல ₹ குறியோ தமிழ் எழுத்தோ வர்ற இடத்துல லாகிங்கே திணறலாம். இந்த வசதி பைதான் 3.9-லிருந்துதான் பேசிக்கான்ஃபிக்ல இருக்கு, பழைய பதிப்பு வெச்சிருந்தா அப்டேட் பண்ணிக்கோங்க.

நிலைகள் அஞ்சு: டிபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிகல். உள்ளுக்குள்ள இதுகளுக்கு 10, 20, 30, 40, 50-ன்னு எண் இருக்கு. நீங்க ஒரு நிலையைச் சொன்னா, அதுவும் அதுக்கு மேல இருக்குறதும் மட்டும்தான் எழுதப்படும். எதுவும் சொல்லலன்னா வார்னிங்தான் ஆரம்பம். முதல் தடவை லாகிங் போடுறவங்க பாதிப்பேர் "இன்ஃபோ எழுதினேன், ஒண்ணுமே வரல"ன்னு முழிக்கிறது இதனாலதான். நிலையை இன்ஃபோன்னு குறிப்பிட்டா வந்துடும். சில நோட்புக் சூழல்கள்ல இன்னொரு சிக்கல் இருக்கு. அங்க ஏற்கெனவே யாரோ லாகிங்கை அமைச்சு வெச்சிருப்பாங்க, அப்ப நம்ம பேசிக்கான்ஃபிக் சத்தமில்லாம ஒண்ணும் செய்யாமப் போயிடும். அதுல 'ஃபோர்ஸ்'ங்கிறதை 'ட்ரூ'ன்னு கொடுத்தா நம்ம அமைப்பு எடுத்துக்கும்.

முதல் லாக்: 411 வார்னிங்

சரி, இப்ப அந்த 'பாஸ்' இருந்த இடத்துல ஒரு வார்னிங் எழுதுவோம்: இத்தனையாவது வரிசை எண்ணா மாறல, அதனால விட்டாச்சு. ஓட்டிப் பார்த்தா லாக் ஃபைல்ல 411 வார்னிங்.

நம்ம சாம்பிள் ஃபைல்ல மொத்தம் 431 வரிசை. அதுல 371 டெபிட், அங்க கிரெடிட் காலம் காலி. 19 வரிசை தலைப்பும் அட்ரஸும் டிஸ்க்ளெய்மரும். மிச்சம் 41 கிரெடிட், அதுல 21-ல் கமா இருக்கு: சம்பளம் 12, வட்டி 5, மற்றவை 4. ஆக 371, 19, 21 சேர்ந்து 411. உண்மையிலயே கவலைப்பட வேண்டிய 21, கவலைப்படத் தேவையில்லாத 390-க்குள்ள ஒளிஞ்சிருக்கு. இப்படி ஒரு லாக்கை யாரும் படிக்க மாட்டாங்க. ரெண்டு பக்கம் ஸ்க்ரோல் பண்ணிட்டு "எல்லாம் காலி வரிசைதான்"னு மூடிடுவாங்க. எல்லாத்துக்கும் கத்துற லாக்கும், எதுவுமே சொல்லாத 'பாஸ்'ஸும் கடைசியில ஒரே இடத்துலதான் கொண்டுபோய் விடும்.

அதனால ஒரு வரிசையை விடும்போது, ஏன் விடுறோம்னு பிரிச்சுச் சொல்லணும். லாகிங்ல என்னைப் பொறுத்தவரைக்கும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான், மத்ததெல்லாம் டைப் பண்ற வேலை.

கிரெடிட் காலம் காலியா? அது டெபிட். எதிர்பார்த்ததுதான், டிபக் நிலை. வரிசையில போதுமான காலங்களே இல்லையா, இல்ல காலத் தலைப்பே வந்திருக்கா? இதுவும் எதிர்பார்த்தது, டிபக். ஆனா காலத்துல ஏதோ எழுதியிருக்கு, இருந்தும் எண்ணா மாறலன்னா, அங்க பணம் இருக்கு, ஸ்கிரிப்டுக்குப் புரியல. இது வார்னிங். வரிசை எண்ணோட, அந்தக் காலத்துல என்ன எழுதியிருந்துச்சோ அதை மேற்கோள் குறிக்குள்ள அப்படியே எழுதணும். இப்படி வரும்:

2025-07-06 21:14:03 | வார்னிங் | வரிசை 47: '96,400.00' எண்ணா மாறல, விட்டாச்சு

2025-07-06 21:14:03 | வார்னிங் | வரிசை 112: '8,750.00' எண்ணா மாறல, விட்டாச்சு

இப்ப 21 லைன்தான் வரும். மூணாவது லைனைப் படிக்கும்போதே "அட, எல்லாத்துலயும் கமா"ன்னு தெரிஞ்சுடும். மேற்கோள் குறி ஏன்னா, சில பேங்க் தொகைக்குப் பின்னாலயே கிரெடிட், டெபிட்னு குறிக்க ரெண்டு எழுத்து ஒட்டிடுவாங்க, சில பேர் முன்னால ரூபாய் குறி போடுவாங்க. தொகை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு குறி இருந்தாத்தான் கண்ணுக்குப் படும். "வரிசை 112-ல் பிரச்சினை"ன்னு மட்டும் எழுதுற லாக், "வவுச்சர்ல ஏதோ சரியில்ல"ன்னு சொல்லிட்டுப் போற ஆர்ட்டிகிள் பையன் மாதிரி. எந்த வவுச்சர், என்ன சரியில்ல, அதைச் சொல்லுப்பான்னுதான் கேட்கத் தோணும்.

வைத்தியம் ஒரே லைன். எண்ணா மாத்துறதுக்கு முன்னாடி கமாவை நீக்கிடணும். அப்படியே 'ஃப்ளோட்'டுக்குப் பதிலா 'டெசிமல்' பயன்படுத்திக்கோங்க. ஃப்ளோட்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா சரியா 0.3 வராது. பைசா வித்தியாசம்தான், ஆனா கணக்கு டேலி ஆகுதான்னு பார்க்கும்போது அந்தப் பைசா தொந்தரவு பண்ணும்.

எடுத்ததையும் எழுதுங்க

விட்டதை மட்டும் லாக் பண்ணாப் போதாது. வட்டின்னு எடுத்துக் கூட்டுன ஒவ்வொரு வரிசையையும் தேதி, விவரம், தொகையோட இன்ஃபோ நிலையில எழுதுங்க. காரணம், வட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஒவ்வொரு பேங்க்கும் ஒவ்வொரு மாதிரி சுருக்கி எழுதுது. அதனால நிறைய பேர் 'இன்டரெஸ்ட்'ங்கிற ஆங்கில வார்த்தையோட முதல் மூணு எழுத்தை மட்டும் தேடுவாங்க. அந்த மூணு எழுத்து 'பிரின்டர்ஸ்'க்குள்ள இருக்கு, 'பாயின்ட்'டுக்குள்ள இருக்கு, 'இன்டர்நேஷனல்'ல இருக்கு. ஏதோ ஒரு பிரின்டர்ஸ் கடை திருப்பிக் கொடுத்த பணம் உங்க வட்டி வருமானமா மாறி, நீங்க அதுக்கு வரி கட்டிக்கிட்டு இருப்பீங்க. எடுத்த வரிசைகள் எட்டும் லாக்ல கண்ணுக்கு நேரா இருந்தா, பத்து செகண்ட்ல பார்த்துடலாம்.

அப்புறம் ஆரம்பத்துல ரெண்டு லைன். எந்த ஃபைலைத் திறந்தோம் என்பது முழுப் பாதையோட, அதுல முதல் தேதி எது, கடைசித் தேதி எது. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல ஒரே பேர்ல, பின்னால 1, 2-ன்னு நம்பர் போட்டு மூணு ஸ்டேட்மென்ட் கிடக்கும். போன வருஷ ஃபைலை ஓட்டிட்டு இந்த வருஷ ரிட்டர்ன் போடுறது நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது. தேதி லாக்ல இருந்தா மார்ச் 31-ல் முடியுதா, பிப்ரவரியிலயே நின்னுடுச்சான்னு தெரியும். கடைசிக் காலாண்டு வட்டி விட்டுப்போறது இப்படித்தான்.

டேலி ஆகுற லைன்

கணக்குப் பார்க்குறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேரேட்டுல கூட்டுத்தொகையைப் பார்த்ததும் நம்ப மாட்டோம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமான்னு பார்ப்போம். ஸ்கிரிப்டையும் அதையே செய்ய வைக்கலாம். ஓடி முடியும்போது ஒரு சுருக்கம்:

2025-07-06 21:32:40 | இன்ஃபோ | படித்த வரிசை 431 = கிரெடிட் 41 + டெபிட் 371 + தலைப்பு முதலியவை 19 + புரியாதவை 0

2025-07-06 21:32:40 | இன்ஃபோ | வட்டி வரிசை 8, மொத்தம் ₹38,330.00

சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலன்னா ஏதோ ஒரு வரிசை எந்தப் பெட்டிக்குள்ளயும் விழாம நழுவியிருக்கு. அதை எரர் நிலையில எழுதணும். இன்னும் உறுதியா வேணும்னா ஆரம்ப இருப்போட எல்லா கிரெடிட்டையும் கூட்டி, எல்லா டெபிட்டையும் கழிச்சு, ஸ்டேட்மென்ட்ல இருக்குற கடைசி இருப்போட ஒப்பிடுங்க. பைசா சுத்தமா ஒத்துப்போனா, தொகைகளைப் படிச்ச விதத்துல தப்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. எனக்கு இந்த ஒரு சோதனை, மத்த எல்லா லாக் லைனையும்விடப் பிடிக்கும். ஏன்னா நாம எதிர்பார்க்காத தப்பையும் இது பிடிச்சுக் கொடுக்கும். கமாவைப் பத்தி உங்களுக்கு எதுவுமே தெரியலன்னாலும், "இருப்பு ஒத்துப்போகல"ன்னு முதல் நாளே சொல்லியிருக்கும்.

ஒத்துப்போகலன்னா ஸ்கிரிப்ட் மொத்தத்தைக் காட்டலாமா? கூடாதுன்னுதான் நான் சொல்வேன். லாக்ல எரர் எழுதிட்டு அங்கயே நின்னுடணும். பாட்டு டவுன்லோட் பண்ற ஸ்கிரிப்ட்ல ஒண்ணு விட்டுப்போனா அடுத்ததுக்குப் போகலாம். பண விஷயத்துல தப்பான மொத்தத்தைவிட, மொத்தமே வராம இருக்குறது மேல். நாம எதிர்பார்க்காத எரர்களுக்கு லாகிங்ல 'எக்ஸெப்ஷன்'னு ஒரு வசதி இருக்கு. எக்ஸெப்ட் பகுதிக்குள்ள அதைக் கூப்பிட்டா, செய்தியோட எந்த லைன்ல, எதிலிருந்து எதைக் கூப்பிட்டு எரர் வந்துச்சுங்கிற முழு வழித்தடத்தையும் லாக்ல எழுதிடும். எழுதினதுக்கு அப்புறம் அதே எரரை மறுபடி எழுப்பி விடுங்க, முழுங்கிடாதீங்க.

கம்பெனிகளுக்கு இது சட்டமாவே இருக்கு. 2023 ஏப்ரல் 1-லிருந்து, கணக்கு எழுத சாஃப்ட்வேர் பயன்படுத்துற ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோட பதியுற ஆடிட் டிரெயில் இருக்குற சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்தணும், அதை ஆஃப் பண்ணவும் முடியாதபடி இருக்கணும். வருஷம் முழுக்க அது ஓடுச்சான்னு ஆடிட்டர் ரிப்போர்ட்ல நாங்க எழுதணும். அது யார் எதை மாத்தினாங்க என்பதற்கான பதிவு, நாம இங்க பேசுறது ஸ்கிரிப்ட் எங்க தடுமாறுச்சு என்பதற்கான பதிவு. ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா எண்ணைக் காட்டுறவர் அந்த எண் வந்த வழியையும் காட்டணும்ங்கிற எதிர்பார்ப்பு ரெண்டுக்கும் பொது.

எக்ஸெல் மட்டும் போதும்னு இருக்குறவங்களுக்கு

இதே கமா கதை எக்ஸெல்லயும் உண்டு. காலத்துல இருக்குறது எண் மாதிரி தெரிஞ்சாலும் டெக்ஸ்டா சேமிக்கப்பட்டிருந்தா, 'சம்' ஃபார்முலா அதை சத்தமில்லாம விட்டுட்டு மிச்சத்தைக் கூட்டும். பக்கத்துலயே ரெண்டு செல்ல 'கவுன்ட்', 'கவுன்ட்ஏ' ரெண்டையும் அதே காலத்துக்குப் போட்டுப் பாருங்க. முதலாவது எண்களை மட்டும் எண்ணும், ரெண்டாவது காலியா இல்லாத எல்லாத்தையும் எண்ணும். தலைப்பைத் தவிர்த்து ரெண்டும் ஒண்ணா வரணும். வரலன்னா அந்த வித்தியாசம்தான் விட்டுப்போன வரிசைகளோட எண்ணிக்கை. லாக் ஃபைல் இல்லாம லாகிங் பண்ற மாதிரிதான் இது.

லாக்ல எழுதக் கூடாதது

லாக் ஃபைல் வெறும் டெக்ஸ்ட். பாஸ்வேர்டு கிடையாது, யார் திறந்தாலும் படிக்கலாம். ஸ்கிரிப்ட் வேலை செய்யலன்னா நாம முதல்ல என்ன பண்ணுவோம்? லாக்கை அப்படியே காப்பி பண்ணி ஆபீஸ் நண்பருக்கு அனுப்புவோம், இல்லன்னா ஏஐ-ல ஒட்டுவோம். அதனால முழு வரிசையையும் லாக்ல கொட்டாதீங்க. அக்கவுன்ட் நம்பர், பேன், மொபைல் நம்பர், யுபிஐ ஐடி எதுவும் வேண்டாம். அக்கவுன்ட்டை அடையாளம் காட்டியே ஆகணும்னா கடைசி நாலு இலக்கம் போதும். பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டைத் திறக்கப் பிறந்த தேதியோ பேனோ பாஸ்வேர்டா இருந்து, அதை உங்க ஸ்கிரிப்ட் பயன்படுத்துனா, அந்தப் பாஸ்வேர்டு எந்த நிலையிலயும், டிபக்லகூட, லாக்ல வரக்கூடாது.

பெரிய கம்பெனிகளே இதுல சறுக்கியிருக்கு. 2018 மே மாசம் ட்விட்டர், ஒரு பக்-ஆல பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாம உள் லாக் ஒண்ணுல பதிவாயிருக்குன்னு தானே அறிவிச்சு, 33 கோடிக்கு மேற்பட்ட பயனர்கள் எல்லாரையும் பாஸ்வேர்டை மாத்தப் பரிசீலிக்கச் சொல்லுச்சு. வெளியாள் யாரும் உள்ளே வந்து எடுத்ததா தெரியலன்னும் சொன்னாங்க. தப்பு நடந்த இடம் பாஸ்வேர்டை சேமிக்கிற டேட்டாபேஸ் இல்ல, லாக்.

லாக் சொல்லாதது

ஒரு எல்லையையும் சொல்லிடுறேன். உள்ளே வந்த வரிசைகளுக்குத்தான் லாக் கணக்கு சொல்லும், ஃபைலுக்குள்ளயே வராததுக்கு இல்ல. முதிர்வுல மொத்தமா வட்டி தர்ற கியூமுலேட்டிவ் எஃப்டி வெச்சிருந்தா, வருஷா வருஷம் சேர்ற வட்டி சேவிங்ஸ் ஸ்டேட்மென்ட்ல ஒரு வரிசையாக்கூட வராது. ஆனா பேங்க் அதை வருஷா வருஷம் துறைக்குத் தெரிவிச்சிருக்கலாம். உங்க லாக் 431 வரிசையும் சரின்னு சொல்லும், சரியாத்தான் சொல்லும். அதனால ஸ்கிரிப்ட் தர்ற மொத்தத்தை ஏஐஎஸ்-ல இருக்குற வட்டியோட ஒரு தடவை ஒப்பிடாம ரிட்டர்னை சப்மிட் பண்ணாதீங்க. ஏஐஎஸ்-லயும் தப்பு இருக்கலாம், ஒரே வட்டி ரெண்டு தடவை வந்திருக்கலாம். அப்ப அங்கயே கருத்துப் பதிவு பண்ற வசதி இருக்கு. அந்த நேரத்துல எட்டு வட்டி வரிசையையும் தேதியோட வெச்சிருக்குற உங்க லாக் ரொம்ப உதவும்.

கடைசியா ரெண்டு நடைமுறை விஷயம். ஃபைல் பேரை மட்டும் கொடுத்தா, ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டர்ல நின்னு ஓடுதோ அங்க லாக் உருவாகும். டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டு ஓட்டுனா அது நீங்க நினைக்கிற ஃபோல்டரா இருக்காது, "லாக்கே வரல"ன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. முழுப் பாதையைக் கொடுத்துடுங்க. ரெண்டாவது, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் லாக் பழசோட கடைசியில ஒட்டிக்கிட்டே போகும், அதுதான் இயல்பான அமைப்பு. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஓட்டுற ஸ்கிரிப்டுக்கு இது பிரச்சினையே இல்ல. நிதியாண்டுக்கு ஒரு லாக் ஃபைல்னு பேர் வெச்சு, அந்த வருஷ ரிட்டர்ன், ஃபார்ம் 16, ஸ்டேட்மென்ட் இருக்குற அதே ஃபோல்டர்ல போட்டு வெச்சுடுங்க. தினமும் ஓடுற ஸ்கிரிப்ட்னா, அளவு பெருசானதும் புது ஃபைலுக்கு மாறுற 'ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர்'னு ஒண்ணு லாகிங்லயே இருக்கு, அதை இன்னொரு வீடியோவுல பார்க்கலாம்.

டிஸ்க்ரிப்ஷன்ல இருக்குற சாம்பிள் ஃபைல்ல முதல்ல 'பாஸ்' இருக்குற ஸ்கிரிப்டை ஓட்டுங்க, ₹2,247 வரும். அப்புறம் லாகிங் போட்டதை ஓட்டுங்க. அதுக்கப்புறம் உங்க சொந்த ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்துப் பாருங்க, புரியாதவைங்கிற இடத்துல எத்தனை வருதுன்னு.